கதைக்குள் புகுந்த என் குரல்

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கலையரங்கில் நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். மேடையில் எங்கள் மகள். சும்மாவே எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் நான். அன்று பயப்படக் காரணமும் இருந்தது.

நாவலூரில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவள் அவள். அதை விட்டுவிட்டு, எங்கள் பகுதியிலேயே வசிக்கும் ஒரு மூத்த பெண் எழுத்தாளரின் சிறுகதைகளை எல்லாம் ஒலிப்பதிவு செய்யப் போவதாகச் சொன்னாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த அம்மாவும் லேசில் சம்மதிக்கவில்லை. "முதல்ல ஒரு கதையப் பண்ணிக் காட்டு. நான் எழுதினதுல ஒரு வார்த்தை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எனக்குப் பிடிச்சா மத்ததைத் தரேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். வெறும் பதிவாகக் கொடுக்காமல் மேடையிலேயே செய்துகாட்டலாம் என்று மகள் முடிவு செய்தாள்; அந்த ஒரு கதைதான் அன்று மேடையேறியது. பதிவு செய்த மகளின் குரல் கதையைச் சொல்லும். அவள் பேசாமல் நடிப்பாள். எழுத்தாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் சரி என்றால்தான் விட்ட வேலைக்கு ஒரு அர்த்தம்.

ஒலிப்பதிவை வீட்டிலேயேதான் செய்தாள். எங்கள் வீடு பெருங்களத்தூரில், ரயில் பாதையை ஒட்டி. ஒரு ரயில் போய் அடுத்தது வருவதற்குள் அறைக் கதவைச் சாத்தி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கப் படிப்பாள். அந்த நேரத்தில் வீட்டில் குக்கர்கூட விசில் அடிக்கக் கூடாது. என் மனைவி எப்படியோ சமாளித்துக்கொள்வாள். என்னால்தான் முடியாது. "உங்கப்பா தூக்கத்துலயே கேஸை ஆஃப் பண்ணியான்னு கேக்கறவரு, அவரு எங்க வாய மூடறது?" என்பாள் மனைவி.

ஒரு நாள் அப்படித்தான், மொட்டைமாடி டேங்க் நிரம்பி வாசலில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. "எம்மா! மோட்டாரை ஆஃப் பண்ணு, தண்ணி வழியுது பாரு!" என்று வழக்கம்போல மகளைக் கூப்பிட்டுக் கத்தினேன். கொஞ்சம் பொறுத்து உள்ளேயிருந்து "அப்பா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம். அந்த இடத்தைப் பிறகு வெட்டிவிட்டதாகச் சொன்னாள்.

வெட்டியிருந்தாள்தான். ஆனால் அரங்கில் கணினியைப் பார்த்துக்கொண்ட அவளுடைய சிநேகிதி, வெட்டிய பதிவுக்குப் பதிலாக வெட்டாத பதிவைப் போட்டுவிட்டாள்.

கதை இதுதான். அப்பா இறந்த பிறகு ஒரு பெண் அவருடைய வீட்டைத் திறந்து உள்ளே வருகிறாள். மேடையில் ஒரு காலி நாற்காலி மட்டும். மகள் அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஒலிபெருக்கியில் அவள் குரல், "இனி இந்த வீட்டில் என்னைக் கூப்பிட ஒருவரும் இல்லை" என்று சொல்லி முடித்தது. முடித்ததும் அரங்கமே அதிர என் குரல்: "எம்மா! மோட்டாரை ஆஃப் பண்ணு, தண்ணி வழியுது பாரு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "இன்னாபா இது, நடுவுல வாட்ச்மேன் வந்துகினு கீறாரு!" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, இன்னும் சிரிப்பு. மனைவி என் கையை இறுக்கிப் பிடித்து, "உங்க குரலுங்க!" என்றாள். முன்வரிசையில் எழுத்தாளரின் தலை அசையவே இல்லை. போச்சு, என் வாயால் என் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மேடையில் மகள் சிரிக்கவில்லை, பதறவும் இல்லை. குரல் வந்த பக்கம் சட்டென்று திரும்பினாள். வீட்டில் எப்படி ஓடுவாளோ அப்படியே நாலு எட்டு ஓடி, இல்லாத சுவரில் இல்லாத சுவிட்சை அழுத்தினாள். அழுத்திய கை அங்கேயே நின்றது. பிறகுதான் புரிந்தவள்போல, மெதுவாக அந்தக் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில், "அப்பா!"

வீட்டில் எரிச்சலில் கத்திய அதே சத்தம்தான். அங்கே அது வேறு மாதிரி கேட்டது. சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. அதற்குள் சிநேகிதி சரியான பதிவை மாற்றிப் போட, கதை தொடர்ந்தது. அதன் பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நான் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் எழுத்தாளர் மகளைக் கூப்பிட்டார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"அந்த மோட்டார் விஷயம் நான் எழுதினதில்லையே?"

"சாரி மேடம். பதிவு மாறிடுச்சு. அது எங்கப்பா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானா சார்? நல்ல தொண்டை உங்களுக்கு."

கையைக் கூப்பினேன்.

"மேடையில அது இருக்கட்டும், நல்லாதான் இருக்கு" என்றார் மகளிடம். "ஒலிப்பதிவுல மட்டும் நான் எழுதினதுதான் வரணும். மத்த கதைங்களையும் எடுத்துக்கோ. ஆனா ரெக்கார்டிங் பண்றப்ப சாரை எங்கயாவது வெளிய அனுப்பிடு."

என் மனைவி சிரித்த சிரிப்பை இன்னும் நிறுத்தவில்லை.

ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஆட்டோ ஊர்ந்துகொண்டிருந்தபோது, "எப்படிம்மா உடனே அப்படிப் பண்ணத் தோணுச்சு?" என்று மகளிடம் கேட்டேன். "தோணவெல்லாம் இல்லப்பா. உங்க குரல் கேட்டதும் கால் தானா ஓடிடுச்சு. ஓடினப்புறம்தான் நாற்காலி காலியா இருக்கறது தெரிஞ்சுது" என்றாள். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

இப்போது அவள் அந்தக் கதைகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்துகொண்டிருக்கிறாள். எழுத்தாளர் சொன்னபடி அந்த நேரத்தில் நான் வெளியே போய்விடுகிறேன். அந்த மாலையை நினைத்தால் இன்றும் பயமாகத்தான் இருக்கிறது; ஆனாலும் நான் இல்லாத ஒரு நாளில் என் குரலுக்கு என் மகள் எப்படித் திரும்பிப் பார்ப்பாள் என்பதை, எந்த அப்பாவுக்கும் பார்க்கக் கிடைக்காத அதை, நான் உயிரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டேன் என்பதில் எனக்கு ஒரு நிறைவு இருக்கிறது.