தட்டிப் பார்த்து வாங்கிய ஆயில் ஃபில்டர்

மறுநாள் மகளை நேர்காணலுக்காக மலைப்பாதை வழியே கொல்லத்துக்குக் காரில் அழைத்துப்போக வேண்டும். அதற்குள் காரின் ஆயில் ஃபில்டரை மாற்ற வேண்டும்; கம்பெனி ஃபில்டர் கிடைக்கவில்லை. குற்றாலத்தில் பலாப்பழம் வாங்கிய அனுபவம் இருக்கிறதே என்று, வேறொன்றைத் தட்டிப் பார்த்து, கனமானதாக வாங்கிவந்தேன்.

தென்காசி மெக்கானிக் காதர் அதை மாட்ட மறுத்தார்.

"நல்லா கனமாத்தானே இருக்கு?"

"தகரம்தான் கனம், அண்ணாச்சி."

படித்தவன் அல்லவா, விவாதித்தேன். அவர் அதை அறுத்தார். பிறகு, தான் விற்க வைத்திருந்த ஒன்றையும் அறுத்தார். அதில் காகித மடிப்புகள் நெருக்கமாக நின்றன. என்னுடையதில் பசை விட்டுப்போன இடைவெளிக்குள் விரலே நுழைந்தது.

"நல்லத ஏன் வீணாக்கினீங்க?"

"பிள்ளையோட மலையேறப் போறிய. வாயால சொன்னா நம்புத ஆளா நீங்க?"

அந்த நல்லதைப் போலவே இன்னொன்றை மாட்டி அனுப்பினார். கார் முனகாமல் மலையேறியது.

அறுபட்ட அந்த நல்ல ஃபில்டர் இப்போது என் புத்தக அலமாரியில் இருக்கிறது. விவாதிக்க வாயெடுக்கும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன். காதருக்கு மனதுக்குள் நன்றி சொல்லி, வாயை மூடிக்கொள்கிறேன்.