பாவா செருப்பைக் கழற்றிய இரவு

ஆர்.கே.பேட்டையில் என் அக்கா வீட்டுத் தறிக் கொட்டகையில், மெயின் சுவிட்சுக்குக் கீழே ஓர் ஆணியில், நீல வார் வைத்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி தொங்குகிறது. நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தொங்குகிறது. ரப்பர் காய்ந்து விறைத்துப்போய்விட்டது. குதிகால் பதிந்த பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது. இதை எடுத்துத் தூரப் போடக் கூடாதா என்று யாராவது கேட்டால் அக்கா எழுந்து தறிப் பக்கம் போய்விடுவாள். மற்ற எல்லாவற்றுக்கும் நீளுகிற என் வாய், அதற்கு மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

அது என் பாவாவுடையது. ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிற வீட்டிலும் அக்கா புருஷன் பாவாதான். பகலில் விசைத்தறி ஓட்டுவார். முகூர்த்த நாட்களில் கல்யாண வீடுகளில் மெல்லிசைக் கச்சேரி. மெட்ராஸில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு எலெக்ட்ரிக் கித்தார் வைத்திருந்தார். கே.ஜி.கண்டிகைக்காரர் ஒருவர், அவரும் தறிக்காரர், பாங்கோஸ் அடிப்பார். பெண் குரலுக்கு நான். பத்தொன்பது வயது, பெரிய பாடகி என்று நினைப்பு வேறு. கல்யாண வீடுகளில் கேட்பது சினிமாப் பாட்டுதான். பாவாவுக்கோ சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிற பைத்தியம். தறி போடும் சத்தத்தையே தாளமாக வைத்துக்கொண்டு ஏழு பாட்டுக் கட்டியிருந்தார். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கும் கண்டக்டர் மேல் ஒன்று, பூட்டிய ரயில்வே கேட் மேல் ஒன்று, இப்படி. ஏழாவது, அக்கா வயிற்றில் இருந்த பிள்ளைக்கு. அதை எங்கள் யாருக்கும், அக்காவுக்குக்கூடப் பாடிக் காட்டவில்லை. மேடையில்தான் முதலில் பாடுவேன் என்று பிடிவாதம்.

எழுபதுகளின் கடைசியில் அந்த மேடை கிடைத்தது. திருத்தணி மார்க்கெட்டுக்குப் பின்னால் வியாபாரிகள் சீட்டாடுகிற சின்ன கிளப். நாற்பது நாற்காலி போட்டால் நிறைந்துவிடும். சினிமாப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது என்று பாவா சொன்னதும் கிளப் செக்ரட்டரி சிரித்தாராம். ஒருநாள் கூத்துதானே என்று ஒப்புக்கொண்டார்.

புறப்படும்போது அக்கா என்னைத் தறிக் கொட்டகைக்குள் கூப்பிட்டாள். ஏழு மாத வயிற்றோடு தறியருகே நின்றிருந்தாள். எங்கள் கொட்டகைகளில் ஒரு வழக்கம் உண்டு. பழைய தறி, பழைய ஒயர். சட்டத்தைத் தொட்டால் விரலில் சுருக்கென்று கரண்ட் அடிக்கும். அதனால் எல்லோரும் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் தறியோட்டுவார்கள். வருஷத்தில் ஆயுதபூஜை அன்றைக்கு மட்டும் செருப்பைக் கழற்றி, தறிக்குத் தண்ணீர் தெளித்து, தேங்காய் உடைப்போம். அதற்கு முன்னால் மெயினை இறக்கிவிடுவோம். அன்று முழுக்கக் கரண்ட் கிடையாது. பாவாவின் கித்தாரும் தறியைப் போலத்தான் சுருக்கென்று அடிக்கும்.

"அங்க லைனு எப்டி கீதோ தெரியல. பாட்டுன்னா உங்க பாவா எல்லாத்தையும் மறந்துடுவாரு. செருப்ப மட்டும் கழட்ட வுடாத. நீ பாத்துக்கோ" என்றாள்.

ஆங், ஆங் என்று தலையாட்டிவிட்டு, கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கண்ணாடியை உடைக்கத் தோன்றுகிறது.

சாயங்காலத்திலிருந்தே மழை. கித்தாரைப் போர்வையில் சுற்றி டவுன் பஸ்ஸில் கொண்டுபோனோம். கிளப்பில் பல்பு சிவப்பு நூலாக எரிந்தது. ஆம்ப்ளிஃபயர் முனகியதே தவிரப் பேசவில்லை. பக்கத்துச் சந்தில் ஒரு தறிக் கொட்டகை ஓடிக்கொண்டிருந்தது. தறிக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டால் மறுப்பதில்லை. பாங்கோஸ்காரர் ஜன்னல் வழியாக அங்கிருந்து ஒயர் இழுத்து வந்தார். ஆம்ப்ளிஃபயர் உயிர் பெற்றது. பாவா தந்தியைத் தொட்டுப் பார்த்து விரலை உதறினார். நம்மூரு தறி மாதிரியே கிள்ளுது என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

முதல் பாட்டுக்கு யாரும் கைதட்டவில்லை. இரண்டாவது பாட்டு கண்டக்டர் பாட்டு. அதில் ஒரு கிழவர் சிரித்தார், பிறகு நாலு பேர், பிறகு சீட்டுக்கட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு மேசையே திரும்பி உட்கார்ந்தது. பாவா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அவ்வளவு சந்தோஷம். சரியாக அப்போது கரண்ட் போயிற்று.

பக்கத்துத் தறிகளும் நின்றுபோயின. மழைச் சத்தம் மட்டும். கதவு வழியாகப் பார்த்தால் மலைமேல் கோயில் விளக்குகளும் இல்லை. நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. இது அபசகுனம், பூஜை போடாமல் ஆரம்பித்ததுதான் காரணம் என்று எனக்குப் பட்டது. சும்மா இருந்திருக்கலாம். என் பைக்குள் அம்மா கொடுத்தனுப்பிய தேங்காயும் மஞ்சள் குங்குமமும் கற்பூரமும் இருந்தன. செக்ரட்டரியிடம் செம்பில் தண்ணீர் கேட்டு வாங்கி, மஞ்சள் கரைத்து, மேடை முழுக்கத் தெளித்தேன். சிமெண்ட்டுத் தரையிலேயே தேங்காயை உடைத்தேன். தண்ணீர் ஓடியது. தட்டில் கற்பூரம் ஏற்றியதும் எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அதில் எனக்குப் பெருமை. கித்தாருக்குப் பொட்டு வைக்கக் குனிந்தபோதுதான் அந்த வெளிச்சத்தில் பாவாவின் கால் தெரிந்தது.

"பாவா, கற்பூரம் எரியுது. செருப்போடயா நிப்பீங்க?" என்றேன்.

முன்வரிசையில் இரண்டு பேர் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். பாவா ஒரு நொடி தயங்கினார். கரண்ட்தான் இல்லையே என்று நினைத்திருப்பார். செருப்பைக் கழற்றி மேடை ஓரத்தில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தார். கித்தாரைத் தோளில் மாட்டி, தந்திகளைக் கையால் பொத்திக்கொண்டு கும்பிடக் குனிந்தார். பூஜையை அப்படியே தறிக் கொட்டகையிலிருந்து எடுத்து வந்திருந்தேன். மெயினை இறக்குவதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டேன். ஆம்ப்ளிஃபயர் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. மூன்று தறிக்காரர்கள் மேடையில் இருந்தோம், ஒருவருக்கும் தோன்றவில்லை.

பல்பு பளிச்சென்று எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த இரவின் பெரிய கைதட்டல் அதுதான். பாவா குனிந்த நிலையிலேயே நிமிராமல் நடுங்கிக்கொண்டிருந்தார். சபைக்கு வணக்கம் வைக்கிறார் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். பாங்கோஸ்காரருக்குத்தான் முதலில் புரிந்தது. அவர் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்குவதற்குள் முடிந்துவிட்டது. கற்பூரம் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

செருப்பை என் பையில் போட்டு எடுத்து வந்தேன். அக்கா அழுவதற்கு முன்னால் என்னைத்தான் கேட்டாள், "செருப்பு?" என்று. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "பாவாவே கழட்டிட்டாரு. நான் பாக்கல" என்றேன். இரண்டு சின்ன வாக்கியம். ஆணியை அடித்து அவளேதான் மாட்டினாள்.

இரண்டு மாதம் கழித்துப் பெண் பிறந்தாள். ஏழாவது பாட்டு எப்படி இருக்கும் என்று வளர்ந்த பிறகு அவள் ஒருமுறை என்னைக் கேட்டாள். அவர் அதைப் பாடி யாரும் கேட்டதில்லை என்றேன். அந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அக்காவோ, செத்த புருஷனோடு நாற்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் பாவா படத்துக்குப் பூ வைத்துவிட்டு, சொன்னா கேக்காத ஆளு, வவுத்துப் புள்ளையக்கூட நெனைக்கல என்று திட்டுவாள். பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். அடி வாங்க வேண்டியவள் நான். வசவு வாங்குகிறவர் அவர்.

போன ஆயுதபூஜைக்கும் அப்படியே ஆரம்பித்தாள். மெயினை இறக்கி, தறிக்குத் தண்ணீர் தெளித்து, தேங்காய் உடைத்தாயிற்று. அக்காவுக்கு இப்போது மூச்சு வாங்குகிறது. திட்டக்கூட நிறுத்தி நிறுத்தித்தான் திட்டுகிறாள். என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அக்கா, அவரா கழட்டல. நான்தான் கழட்டச் சொன்னேன்."

அவள் திரும்பவில்லை. கற்பூரம் முழுக்க எரிந்து அணைகிற வரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படத்தைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "இத்தினி வருசம் சும்மாவே கேட்டுகினு இருந்தியா நீ" என்றாள் அவரிடம். திட்டுகிற குரல் இல்லை. புருஷனோடு வீட்டுக்குள் பேசுகிற குரல்.

அப்புறம் ஆணியிலிருந்து அந்தச் செருப்பை எடுத்தாள். தூசி தட்டி, என் காலடியில் வைத்தாள்.

"தரை ஈரமா கீது. போட்டுக்கோ."

கரண்ட் இல்லை. சாமி எதிரில் செருப்புப் போடக் கூடாது. இரண்டும் எங்கள் இருவருக்கும் தெரியும். போட்டுக்கொண்டேன். எனக்கு ரொம்பப் பெரிசாக இருந்தது.