சிவப்பு ஒயர்

போன மாதம் பெங்களூரில் ஒரு தெருவையே அடைத்து ஓவியச் சந்தை நடத்தினார்கள். மருமகள் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனாள். சுவரெல்லாம் படம், தரையெல்லாம் படம், கால் வைக்க இடமில்லை. தாடிக்காரர் ஒருவர் என்னை உட்காரவைத்து வரையப் பார்த்தார். "இந்த மூஞ்சிய வரைஞ்சி இன்னா பண்ணப்போறீங்க?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தேன். ஓரமாகக் கைவேலைக் கடைகள்: மண் குதிரை, சணல் பை, மரப் பொம்மை. கடைசிக் கடையில் ஒயர் கூடைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. "மாமா, இது எவ்ளோ நல்லாருக்கு பாருங்க" என்று ஒரு சிவப்புக் கூடையை என் கையில் வைத்தாள். கீழே போட்டுவிட்டேன். கைதவறிவிட்டது என்று அவளிடம் பொய் சொன்னேன்.

சூடேறிய ஒயரின் வாசனை உங்களுக்கு வெறும் பிளாஸ்டிக் வாசனைதான். எனக்கு அதோடு வெடிப்புகையும் சேர்ந்தே வரும். கோலார் தங்கவயல்காரன் மூக்கு அப்படி. சுரங்கத்தில் பாறைக்குள் வைக்கும் வெடிக்கு மின்சாரம் கொண்டுபோக மெல்லிய ஒயர் வரும்; மஞ்சள், வெள்ளை, அபூர்வமாகச் சிவப்பு. வெடித்தபின் கல்லோடு கல்லாகத் துண்டுகள் கிடக்கும். அதைப் பொறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டு மேலே வருவோம். வாசலில் தங்கம் இருக்கிறதா என்று வாயைக்கூடத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். ஒயரைக் குப்பை என்று விட்டுவிடுவார்கள். கம்பெனி எங்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் துணிக்கொடி, கோழிக்கூண்டு, ஒட்டுப்போட்ட கட்டில் எல்லாமே அந்தக் குப்பையில்தான் நின்றன.

அறுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. கோபம் மூக்குநுனியில் இருக்கும். சினிமாக் கொட்டகையில் முன்னால் இருப்பவன் தலையை ஆட்டினால் அடி. கால்பந்தில் தோற்றால் அடி, ஜெயித்தால் இன்னும் ரெண்டு சேர்த்து அடி. என் முன்பல் ஒன்று ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில்தான் போனது. அடித்த கதையை ஊரெல்லாம் சொல்வேன், வாங்கிய கதையை மென்று விழுங்கிவிடுவேன்.

வைகாசிப் பௌர்ணமி, புத்தர் பிறந்த நாளுக்கு ஆண்டர்சன்பேட்டைத் தெரு பார்க்க ஆயிரம் கண் வேண்டும். எல்லா லைன்காரர்களும் துணியில் புத்தர் படம் எழுதித் தெருவுக்குக் குறுக்கே கட்டுவார்கள். தரையில் கலர்ப்பொடியால் தாமரை போடுவார்கள். அந்த வருஷம் அடுத்த லைன்காரன் ஒருவன் எங்கள் தாமரையை மிதித்துவிட்டான். புத்தர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் மூக்கை உடைத்தேன். அகிம்சை விழா, கவனியுங்கள்! அவன் ஆட்கள் துரத்த, ஓடிப்போய் ஒரு கடைக்குப் பின்னால் பதுங்கினேன். கடை என்றால் ஒரு சாக்குவிரிப்பு. அதன்மேல் வரிசையாக ஒயர் கூடைகள். விற்றுக்கொண்டிருந்தது கன்னியம்மா அண்ணி. சுரங்கத்தில் என்னோடு ஜோடியாக வேலைபார்த்த தசரதண்ணனின் மனைவி.

"இன்னாடா, கையெல்லாம் ரத்தம்?"

"என்னுது இல்ல அண்ணி."

"நல்லா கீது போ. கூடமேல தொடச்சித் தொலைக்காத."

அப்போதுதான் கூடைகளைப் பார்த்தேன். பொறுக்கிய துண்டுகளை ஒட்டு தெரியாமல் முடிந்து, மீன் வடிவம் வரிசையாக வரும்படி பின்னியிருந்தது. நீயா பின்னினாய் என்று கேட்டேன்.

"எனக்கு எங்க வருது? உங்க அண்ணன்தான். ஷிப்டு முடிச்சி வந்து, கதவ சாத்திக்கினு பின்னுவாரு. வெளிய சொல்லிடாத, ஆம்பள கூட பின்றான்னு சிரிப்பானுங்க."

பாறையைத் துளைக்கிற அந்த முரட்டு விரல்களா இதைச் செய்தன? பூதிகோட்டையில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். அவளுக்கு முழுச்சிவப்பில் ஒரு கூடை கொடுத்து அசத்திவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. "சிவப்பு பத்தாதுடா. நீ கொண்டா, பின்னித் தரச் சொல்றேன்" என்றாள் அண்ணி.

அன்றிலிருந்து எனக்குச் சிவப்புப் பைத்தியம். தசரதண்ணனும் சிவப்பைக் கண்டால் விடமாட்டார். அந்தக் கூடைதான் சந்தையில் முதலில் போகும். நான் குனிவதற்குள் அவர் எடுத்துவிடுவார். வெளியே சிரித்தேன். உள்ளே புகைந்துகொண்டிருந்தது.

ஒருநாள் காலை ஷிப்டு. வெடித்த இடத்தில் கல் வார நாங்கள் இரண்டு பேர்தான். மேஸ்திரி பின்னால் வந்துகொண்டிருந்தார். பாறைச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு துளை. அதிலிருந்து முழ நீளத்துக்கு, அறுபடாத சிவப்பு ஒயர் தொங்கியது. பாய்ந்து கைநீட்டினேன். காதோடு சேர்த்து ஓர் அறை விழுந்தது. கல்குவியலில் குப்புற விழுந்தேன். திரும்பிப் பார்த்தால், தசரதண்ணன் ஒயரை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

"தொடாதடா! கைய வெச்ச, கொன்னுடுவேன்!"

தன் கூடைக்காகத்தான் தடுக்கிறார் என்று நினைத்தேன். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. எழுந்து அவர் வாயிலேயே குத்தினேன். ஏதோ சொல்ல வந்தார். சொல்லவிடாமல் மறுபடி குத்தினேன். உதடு கிழிந்து ரத்தம் மார்பில் வழிந்தது. வயிற்றில் உதைத்தேன். சரிந்தவர் எழுந்திருக்க, கல் ஏற்றும் தள்ளுவண்டியின் விளிம்பை வலக்கையால் பிடித்தார். கல் வாரும் ஷவலைத் தூக்கி அந்தக் கைமேல் இறக்கினேன். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் விரல்கள் நசுங்கிய சத்தம் கேட்டது. அப்படி ஒரு அலறலை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

மேஸ்திரி ஓடிவந்து விளக்கைத் துளைக்கு நேராகப் பிடித்தார்.

"அடப்பாவி, இது வெடிக்காத குழிடா! உள்ள மருந்து அப்பிடியே கீது. இழுத்திருந்தா அள்ளறதுக்கு ஒண்ணும் மிஞ்சியிருக்காது!"

குழியில் தொங்கும் ஒயரைத் தொடக்கூடாது என்பது சுரங்கத்தில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது. எனக்கும் தெரியும். சிவப்பைப் பார்த்ததும் மறந்துவிட்டேன்.

தசரதண்ணன் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பேசினார். "கல்லு உழுந்துச்சின்னு சொல்லு. சண்டன்னு தெரிஞ்சா ரெண்டு பேரு வேலையும் பூடும்." மேஸ்திரி தலையாட்டினார். அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு, மேலே ஏறும் கேஜ்வரை ஓடினேன்.

மேலே எனக்குக் கிடைத்தது பாராட்டு! கல் விழுந்த இடத்திலிருந்து கூட்டாளியைத் தூக்கிவந்த வீரன் என்று லைன் முழுக்கப் பேச்சு. ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். வராந்தாவில் அண்ணி என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கை நல்லாருக்கணும்பா" என்றாள்.

அதன்பிறகு நான் கை ஓங்கியதே இல்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். ஓங்கினேன், வெட்கமில்லாமல். அண்ணனுக்குச் சுரங்கத்துக்கு மேலே, விளக்கு கொடுக்கும் அறையில் வேலை போட்டார்கள். தினமும் என் விளக்கை இடக்கையால்தான் நீட்டுவார். மன்னிப்புக் கேட்க இரண்டு மூன்று முறை வாயெடுத்தேன். "ஊட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று பேச்சை வெட்டிவிடுவார். அவர் சாகும்வரை அண்ணியிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பொங்கலுக்குப் போவேன், என் கையைப் பிடித்து வாழ்த்துவாள். அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று திரும்பிவிடுவேன்.

சுரங்கம் மூடி, குழிகளில் தண்ணீர் ஏறிவிட்டது. அவர்கள் இருந்த லைனில் கூரைத் தகரத்தைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். செருப்பைக் கழற்றி அடித்திருக்க வேண்டியவள், கடைசிவரை என் கையை வாழ்த்திவிட்டுப் போனாள். உண்மையைச் சொல்லி அந்த அடியை வாங்கிக்கொள்ள இப்போது அங்கே எனக்கு யாரும் இல்லை.