சன்னமா ஒரு சட்டை

என் மாமாவுக்குக் கன்னடம் தெரியும் என்று மாமா மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. தமிழில் பேசிக்கொண்டே போய், முடிவில் 'வேண்டும்' என்பதற்கு ஒரு 'பேகு' போட்டால் அது கன்னடமாகிவிடும் என்பது அவருடைய கொள்கை. ஓசூரில் இதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. கடைக்காரர் தெலுங்கில் கேட்பார், நாம் தமிழில் சொல்வோம், சாமான் சரியாக வந்துவிடும். ஒரே ஒரு தடவைதான் சரியாக வரவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சிப்காட்டில் வேலை. ஷிப்ட் இல்லாத நேரத்தில் எங்கள் தெருப் பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு கால்பந்து கிளப் நடத்தினார். அதில் நிஜமாகவே ஆடத் தெரிந்தவள் பெரியப்பாவின் மகள். ஒன்பதாம் வகுப்பு படித்தாள், எனக்கு அக்கா. நான் நாலாம் வகுப்பு. வேலிக்கு வெளியே போகிற பந்தை எடுத்து வருவதுதான் என் ஆட்டம். பெரியப்பா அக்காவை விளையாட விட்டதே மாமா அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதால்தான். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சட்டை தொளதொளவென்று இருக்க வேண்டும்.

"ஒடம்ப ஒட்டிக்கினு ஒரு துணிய பாத்தன்னா, அன்னைக்கோட ஆட்டம் முடிஞ்சிது" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். பெரியப்பா சொன்னால் சொன்னதுதான்.

பயிற்சிக்கு எங்களிடம் இருந்த டி-ஷர்ட்டுகள் தடியானவை. வேர்வையில் நனைந்தால் ஈரச் சாக்கு மாதிரி தொங்கும். கிருஷ்ணகிரியில் ஒரு போட்டி வந்தது. அதற்குள் காற்றுப் போகிற நல்ல துணியில் எல்லாருக்கும் தைத்துவிட வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை வந்துவிட்டது. கர்நாடக எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே ஒரு தையல்காரரைப் பிடித்தார். எங்கள் அளவுகளை எடுத்துக்கொண்டு போனபோது வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டார். துணி மெல்லிசாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்குச் சன்னம் என்று பெயர்.

"சன்னமா பேகு" என்றார் மாமா.

தையல்காரர் அளவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "சண்ணதா?" என்று சந்தேகத்தோடு கேட்டார்.

"ஆமா, நல்லா சன்னமா."

பாஷை தெரிந்தால் காரியம் எவ்வளவு சுலபம் என்று திரும்பும் வழியெல்லாம் மாமா எனக்குப் பாடம் நடத்தினார்.

கன்னடத்தில் சண்ண என்றால் சின்னது. போட்டி வாரத்தில் மூட்டையைப் பிரித்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரியவந்தது. துணி என்னவோ அருமை. நல்ல பச்சை, ஊதினால் பறந்துவிடும். ஆனால் சொன்ன அளவைவிட எல்லாமே இரண்டு இஞ்ச் குறைவு. மாமா போன் போட்டுச் சத்தம் போட்டார். "நீவே சண்ண அந்த்ரி" என்று நிதானமாகப் பதில் வந்தது. நீங்கள்தானே சின்னதாகக் கேட்டீர்கள் என்கிறார். மாமாவின் கன்னடம் அத்தோடு தீர்ந்துபோனது. பிரித்துத் தைக்கலாம் என்றால் தையலுக்குள் துணியே விட்டிருக்கவில்லை. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் எல்லாம் இப்படிப் பிடித்தாற்போலத்தான் போடுகிறார்கள் என்று எங்களிடம் சமாளித்தார். மற்ற பிள்ளைகள் சின்னவர்கள், எப்படியோ இழுத்து மாட்டிக்கொண்டார்கள். வளர்கிற பிள்ளை என்று எனக்குப் பெரிய அளவாகக் கொடுத்திருந்தார்கள். அதனால் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு சட்டை எனக்குக் கச்சிதமாக இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

அக்காவுக்குத்தான் அது வயிற்றுக்கு மேலேயே நின்றது. கையைத் தூக்கினால் அக்குளில் இறுக்கிப் பிடித்தது. மேலே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு அவள் அறையைவிட்டு வரவும், பெரியப்பா ஷிப்ட் முடிந்து உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"துப்பட்டாவ எடு" என்றார். எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கழட்டி வெய்யி."

அக்கா அன்று சாப்பிடவில்லை. "வுடுடி, எத்தினி நாளைக்கு பந்த ஒதைச்சிக்கினு இருப்ப" என்று பெரியம்மா தட்டை மூடி வைத்தாள். காலையில் பார்த்தால் பச்சைச் சட்டையைக் காணோம். வேலைக்குப் போகும்போது பெரியப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டார். வழியில் எங்காவது வீசியிருப்பார் என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தவர், ஒரு பையைக் கட்டில்மேல் போட்டார். "போட்டுப் பாரு" என்றார். அதே பச்சைச் சட்டைதான். ஆனால் இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து கீழே வரை அகலமான பட்டை வைத்துத் தைத்திருந்தது. கீழேயும் ஒரு சுற்று. எல்லாம் புத்தம்புதுச் சாம்பல் நிறத் துணி, தடியானது. பெரியம்மா அதைத் தடவிப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள், அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அக்கா போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"கைய தூக்கு. குனி. ஓடறப்ப எங்கியாவது புடிக்குதா?"

"இல்லப்பா."

"அப்ப சரி" என்று குளிக்கப் போனார்.

அக்கா அப்படியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். சட்டை இப்படி அசிங்கமாகிவிட்டதே என்று அழுகிறாள் போலிருந்தது எனக்கு. பாவமாக இருந்தது. என் சட்டையைக் கழற்றி, இதைப் போட்டுக்கொள் என்று நீட்டினேன். அது அவள் தலையில்கூட நுழையாது. போட்டியில் அவள் ஒரு கோல் போட்டாள், நாங்கள் தோற்றோம்.

ஆயுத பூஜைக்குப் பெரியப்பா தன் கம்பெனிக்கு எங்களையும் அழைத்துப் போனார். மெஷினுக்கெல்லாம் பொட்டும் மாலையும், எங்களுக்குப் பொரியும் சுண்டலும். வருஷத்துக்கு ஒரு புது யூனிபார்ம் கொடுப்பார்களாம். அதை அன்றைக்கென்று எடுத்து வைத்திருந்து, எல்லாரும் சாம்பல் நிறத்தில் மொடமொடவென்று வந்திருந்தார்கள். பெரியப்பா மட்டும் காலர் பிய்ந்த பழையதில் நின்றார்.

"ஏன் பெரியப்பா ஒங்களுக்கு மட்டும் புதுச் சட்டை குடுக்கல? நீங்க சரியா வேல செய்யலியா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்.

கூட நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "ஆமா கண்ணு, சரியா செய்யல" என்று பெரியப்பாவும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்காமல் என் கையில் நறுக்கென்று கிள்ளினாள். அப்படி என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று புரியாமல், அழுதுகொண்டே பொரியைத் தின்றேன்.