புதுத் துப்பாக்கிக்குக் குங்குமம்

துப்பாக்கி என் கைக்கு வந்த அன்று காலையில், சாயங்காலம்வரை அது என்னுடையதாக இருக்குமா என்று எனக்கே தெரியாது. என் மனைவி போட்ட நிபந்தனை அப்படி. சிட்னியில் மெரிலேண்ட்ஸைத் தாண்டி இருக்கும் கடையில் வாங்க வேண்டியது. அங்கிருந்து நேரே சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போக வேண்டியது. அவளும் கூடவே வந்து உட்கார்ந்து பார்ப்பாள். அவள் மனம் ஒப்பினால் அது வென்ட்வேர்த்வில் வீட்டுக்கு வரும். ஒப்பாவிட்டால், திரும்பும் வழியில் அதே கடையில் கொடுத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு வர வேண்டும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். வீட்டு அனுமதி கிடைக்காத வாடிக்கையாளர்கள் தனக்குப் புதிதில்லை என்று அவர் சிரித்தார்.

நான் திருப்பூர்க்காரன். கணினி வேலைக்காக சிட்னிக்கு வந்தவன். அவள் பிறந்தது முல்லைத்தீவுப் பக்கம். இங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை பார்க்கிறாள். எனக்குத் துப்பாக்கி என்றால் தீபாவளி. தகரத் துப்பாக்கி, சிவப்புச் சுருள் கேப், விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு போகாத மருந்து வாசனை. அவள் அதைத் துவக்கு என்பாள். அந்தச் சொல்லை அவள் சொல்லும்போது தீபாவளி எதுவும் அதில் இருக்காது. கல்யாணமான புதிதில், பக்கத்து வீட்டுப் பையன் பிளாஸ்டிக் துப்பாக்கியை நீட்டியபோது அவள் வாசற்கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். அதைப் பார்த்தவன் நான். பார்த்தும் இந்த ஆசையை விட முடியவில்லை என்றால் என்னை என்னவென்று சொல்வது!

ஆசை வந்தது அலுவலகத்தார் கூட்டிப்போன ஒரு சனிக்கிழமையில். பழகிப் பார்க்கலாம் வாருங்கள் என்று ஒரு துப்பாக்கிக் கிளப் கதவைத் திறந்து வைத்திருந்தது. நான் கோபக்காரன். ரவுண்டானாவில் சிக்னல் போடாமல் நுழைகிறவனிடம் கத்துவேன், வங்கிக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்லும் இசையிடமே கத்துவேன். அன்றைக்குக் கையை நீட்டி மூச்சை அடக்கி நின்ற அந்தச் சிறிது நேரம் எனக்குள் ஒருவரும் கத்தவில்லை. அது எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. மறுவாரமே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்தவுடன் சொந்தத் துப்பாக்கி கொடுத்துவிட மாட்டார்கள். மாதக்கணக்கில் கிளப் துப்பாக்கியில்தான் பழக வேண்டும். வாடகை சைக்கிள் மாதிரி அது. ஊரெல்லாம் பிடித்துப் பிடித்து யார் கைக்கும் பொருந்தாமல் போனது. சொந்தமாக ஒன்று வேண்டுமென்றால் காவல்துறை அனுமதி, அதற்கு முன்னால் வீட்டில் இரும்புப் பெட்டி, அதைக் கராஜ் சுவரோடு போல்ட் போட்டு இறுக்குவது, அதிகாரி வந்து பார்ப்பது என்று வரிசையாக இருந்தன. பெட்டி வந்து இறங்கிய அன்று அவளிடம் பேச்சை எடுத்தேன்.

“இஞ்சருங்கோ, வெறும் பெட்டி எண்டா எனக்கென்ன? வைச்சிட்டுப் போங்கோ. உள்ள வாற சாமானைத்தான் நான் பாக்கவேணும்,” என்றாள். மறுநாளே பெட்டியின் தலையில் வெங்காயக் கூடையை ஏற்றிவிட்டாள்.

மெல்போர்னில், கிரான்பர்ன் பக்கம் இருக்கும் அவளுடைய அக்கா போன் செய்து ஸ்பீக்கரிலேயே பொரிந்து தள்ளினார். “உன்ர மனுசனுக்கு என்ன விசரே? துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்தனாங்கள். அவர் காசு குடுத்து வாங்கப் போறாராம்!”

“நான் பாத்துக்கொள்ளுறன் அக்கா,” என்றாள் இவள். போனை வைத்துவிட்டாள். 

துப்பாக்கி வாங்கிய அன்று கடையிலிருந்து ரேஞ்சுக்கு மேற்கே நெடுந்தூரம் ஓட்ட வேண்டியிருந்தது. துப்பாக்கி இருந்த சிறிய பெட்டி பூட்டியபடி காரின் டிக்கியில் இருந்தது. நெடுஞ்சாலையில் ஏறியபின் அவள் கேட்டாள். “எவ்வளவு பாரம் வரும்?”

“ஒரு கிலோ வரும். ஏன்?”

“சும்மா கேட்டனான்.”

ஒருவன் சிக்னல் போடாமல் என் முன்னால் நுழைந்தான். நான் கத்தவில்லை. அன்றைக்கு நான் பரீட்சை எழுதப் போகிற பிள்ளை.

பரீட்சையில் முதல் கேள்விக்கே கோட்டைவிட்டேன். நடந்தது இதுதான். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டுத்தான் தொடங்குவது வழக்கம். அப்பாவின் தையல் இயந்திரம், ஸ்கூட்டர், கிரைண்டர், பிறகு இங்கே வந்து நான் வாங்கிய மடிக்கணினிவரை ஒன்றும் தப்பவில்லை. ஆயுத பூஜைக்கு அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் பொட்டு வைத்த குடும்பத்தில், நிஜமான ஆயுதம் ஒன்று வந்திருக்கும்போது சும்மா விடுவேனா? கோயில் குங்குமத்தை ஒரு தாளில் மடித்துச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு சுற்று முடிந்து, சுட்டவர்கள் எல்லாரும் தங்கள் குறி அட்டைகளை மாற்ற இலக்குகள் இருக்கும் பக்கமாக நடந்துபோயிருந்தார்கள். துப்பாக்கிச் சத்தமே இல்லை. மரங்களில் பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. மனைவியைப் பின்னால் பார்வையாளர் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, என் பெட்டியை மேசைமேல் வைத்தேன். நல்ல அமைதியான நேரம், பூஜைக்கு ஏற்றது என்று நினைத்துப் பெட்டியைத் திறந்து, குங்குமத்தை மோதிர விரலால் தொட்டுத் துப்பாக்கியின் மரப்பிடியில் ஒரு பொட்டு வைத்தேன்.

“கையை எடு! பின்னால் போ!”

ஆங்கிலத்தில் இடி மாதிரி விழுந்தது. ரேஞ்சின் பொறுப்பாளர் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. நரைத்த தலைக்குமேல் சிவப்புத் தொப்பி, கையில் எப்போதும் தேநீர்க் குவளை. அந்தக் குவளையை எங்கே வைத்தாரோ, மறுகணம் என் பக்கத்தில் நின்றார். தரையில் வரைந்திருந்த மஞ்சள் கோட்டைக் காட்டினார். நான் பின்னால் போய்க் கோட்டுக்கு அப்பால் நின்றேன்.

இலக்குப் பக்கம் ஆள் நடமாடும்போது மேசையிலிருக்கும் துப்பாக்கியை எவரும் தொடக் கூடாது. ரேஞ்சின் முதல் விதி இது. எனக்குத் தெரியாததல்ல, மாதக்கணக்கில் தினசரிப் பாடம்போல ஓதியிருக்கிறேன். ஆனால் நான் துப்பாக்கியைத் தொட்டதாகவே என் மனம் கணக்கில் எடுக்கவில்லை. பூஜை செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தது. நாற்பது வருஷப் பழக்கம் விதியை அப்படி ஏய்த்துவிட்டது.

அத்தனை பேரும் திரும்பி வரும்வரை கோட்டுக்குப் பின்னால் நின்றேன். முகம் எரிந்தது. மனைவி எனக்குப் பின்னால் எங்கோ உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் அதைவிடப் பெரிய எரிச்சல். போச்சு, கடைக்காரர் இன்றைக்கு நம்மைப் பார்த்துச் சிரிக்கப் போகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பொறுப்பாளர் பெண்மணி பெட்டியருகில் போய்க் குனிந்து பார்த்தார். “அது என்ன, ரத்தமா?”

விளக்கினேன். புதுப்பொருள், கும்பிட்டுத் தொடங்குவது, எங்கள் வழக்கம் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் முகம் இளகவில்லை. “புதுக் கப்பலின் மூக்கில் பாட்டில் உடைப்பார்களே, அந்த மாதிரியா?” என்றார். ஆமாம் என்றேன். “நல்ல வழக்கம். ஆனால் நான் சொன்ன பிறகு செய். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.” பொட்டை அழிக்கச் சொல்லவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடிற்று.

பிறகு என் முறை வந்தது. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அந்த மரப்பிடியில் கையை வைத்ததும், உள்ளங்கைக்கு எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று யாரோ முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு செதுக்கியதுபோல அது அடங்கி உட்கார்ந்தது. கிளப் துப்பாக்கியில் எடை முழுவதும் மூக்கில் தொங்கும். இதில் எடை கைக்குள்ளேயே இருந்தது. சிறிய தோட்டாதான், பாயிண்ட் டூ டூ. தோட்டாக்களை ஒவ்வொன்றாக மேகசினில் அழுத்தும்போது விரலுக்கு அடியில் ஸ்பிரிங் மெல்ல முறைத்தது. உள்ளே தள்ளியதும் கிளிக் என்று ஒரு சத்தம். எத்தனை சுத்தமான சத்தம் அது! செய்தவன் எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஒரு கையை நீட்டினேன். விசையை அழுத்த அழுத்த ஒன்றும் நடக்கவில்லை, நடக்கவில்லை, பிறகு காய்ந்த கறிவேப்பிலைக் காம்பு ஒடிவதுபோலப் படக்கென்று முடிந்தது. உதைப்பு என்று சொல்ல முடியாது. மணிக்கட்டில் ஒரு சின்னத் தள்ளல். துப்பாக்கி கொஞ்சம் எழும்பி, நான் கேட்காமலே பழைய இடத்துக்கு வந்து நின்றது. இன்னொன்று. இன்னொன்று. தீபாவளி வாசனை வந்தது. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

முதல் அட்டையில் விழுந்த ஓட்டைகளை ஒரு இட்லியால் மூடிவிடலாம். ஆனால் இட்லி இருந்தது நடுவில் இல்லை. இடப்பக்கம், சற்றுக் கீழே. குறிகாட்டியைச் சின்னத் திருப்புளியால் திருகினேன். அடுத்த அட்டையில் இட்லி அப்படியே நகர்ந்து நடுவுக்கு வந்தது. சொன்ன சொல்லை அப்படியே கேட்கும் ஒரு பொருளை என் வாழ்க்கையில் அன்றுதான் வாங்கியிருந்தேன். ஒரே ஒரு தோட்டா மட்டும் அட்டையின் ஓரத்துக்குப் பறந்தது. அந்த நேரம் பொறுப்பாளரிடம் திட்டு வாங்கியதை நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். கோபத்தைக்கூட அந்தத் துப்பாக்கி அட்டையில் காட்டிக் கொடுத்துவிடுகிறது. இத்தனை நேர்மையான சாமானைத் திருப்பிக் கொடுப்பதா!

மனைவி என்ன நினைக்கிறாள் என்று சுடும்போது பார்க்கவும் வழியில்லை. கையில் துப்பாக்கியோடு பின்னால் திரும்பக் கூடாது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் பொறுப்பாளர் குரல் கொடுப்பார். நாங்கள் எல்லாரும் மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டும் ஆரஞ்சு நிறக் கொடியைச் செருகி, துப்பாக்கியை மேசையில் வைத்து, கோட்டுக்குப் பின்னால் போவோம். ஒரு தடவை, கையெல்லாம் பச்சை குத்திய ஆஜானுபாகுவான ஒருவர் இன்னும் ஒரு தோட்டா பாக்கியிருக்கிறது என்று இழுத்தார். “கீழே வை,” என்றார் பெண்மணி, குரலை உயர்த்தாமல். வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்னால் வந்தார் அவர். எனக்கு இது வாராவாரம் பார்க்கிற காட்சி. காதுக்கவசத்தைக் கொண்டைக்குமேல் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மனைவி, நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் கேட்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே ஓட்டினேன்.  மெரிலேண்ட்ஸ் பக்கம் வந்து, கடைக்கு ஒரு பக்கமும் வீட்டுக்கு மறுபக்கமும் பிரிகிற சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. இனிமேல் தள்ளிப்போட முடியாது.

“எந்தப் பக்கம் திரும்பட்டும், சொல்லு,” என்றேன்.

அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்த மனிசி ஒருக்காத்தான் சொன்னவா. அவ்வளவு பேரும் துவக்கைக் கீழ வைச்சிட்டுப் பின்னால போட்டினம்.”

“ஆமா, அதுதான் அங்க விதி. அவங்க சொன்னா வச்சுத்தான் ஆகணும்.”

“அண்ணாவை இயக்கத்துக்குக் கொண்டுபோகேக்க எங்கட அம்மா எவ்வளவு கெஞ்சினவா தெரியுமே? றோட்டில விழுந்து அழுதவா. வந்த பொடியள் ஒருத்தனும் துவக்கைக் கீழ வைக்கேல்லை.” என் பக்கம் திரும்பினாள். “ஒரு பொம்பிளை சொல்லி துவக்கைக் கீழ வைச்சதை இண்டைக்குத்தான் நான் கண்டனான்.”

அவளுடைய அண்ணன் திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அவனை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று அவள் சொன்னது அன்றுதான். எத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற கார்க்காரன் ஹாரன் அடித்தான். “வீட்டை போவம்,” என்றாள்.

கராஜில் வெங்காயக் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி, இரும்புப் பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டினேன். மரப்பிடியில் குங்குமம் பாதி அழிந்தும் பாதி மிச்சமாகவும் இருந்தது. இன்னும் ஒரு தடவை திறந்து பார்க்கலாமா என்று கை நீண்டது. அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

“கையை எடுங்கோ. பின்னால வாங்கோ,” என்றாள்.

நான் கையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றேன். அவள் வந்து பெட்டியின் கைப்பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.