கோலத்தில் விழுந்த சிவப்பு

என் இடது முழங்கால் கிளட்சை மிதிக்க மறுத்த பிறகு, தோப்புத் தேங்காயை ஏற்றிவர கிளட்சே இல்லாத ஒரு பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப் வண்டி வாங்கினேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு குறுகல். வாசலில் நிறுத்தினால் வண்டியின் மூக்கு என் மனைவி போட்ட கோலத்தின் மேல்தான் நிற்கும்.

தை மாதத்தில் ஒருநாள் வண்டியை எடுத்தபோது கோலத்தில் சிவப்பாக நாலு துளி கிடந்தது. மறுநாள் ஆறு. எதிர்வீட்டுக்காரர் நாள் முழுக்க வெற்றிலை போடுகிறவர். கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வேறு யாரைச் சந்தேகிப்பேன்?

"வெத்தல எச்சின்னா காஞ்சுடும்ங்க. இது வழவழன்னு இருக்கு, தண்ணி ஊத்தினாலும் போகல" என்றாள் மனைவி. நான் காதில் வாங்கவில்லை.

துளி பதினொன்றான அன்று தெருவில் நின்று கத்தினேன். "சார், துப்புறதுக்கு எங்க வீட்டுக் கோலந்தான் கெடச்சுதா?"

அவர் எழுந்தார். வாய் நிறைய வெற்றிலை இருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் கொள்ளிடக் கரை வரை நானும் அவரும் சேர்ந்துதான் நடப்போம். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கையில் ஒரு பழைய பால்பவுடர் டப்பா இருந்தது. துப்புவதற்கு. தன் வீட்டு வாசலிலேயே.

பிறகு வண்டி முரண்டு பிடித்தது. கியரை 'டி'யில் போட்டால் மூன்று எண்ணும்வரை முன்னால் நகராது. ஒருநாள் தேங்காய் லோடோடு காவிரிப் பாலத்து ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க இன்ஜின் அலறியதே தவிர, சக்கரம் இழுக்கவில்லை.

அரியமங்கலத்திலிருந்து மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். இன்ஜினை ஓடவிட்டு, கியர் ஆயில் அளவுக்கம்பியை உருவினார். நுனியில் மட்டும் ஈரம்.

"ஆயில் கொறஞ்சிருக்கு சார். அதான் கியர் புடிமானம் இல்லாம வழுக்குது. வண்டி நிக்கிற எடத்துல செவப்பா ஏதாவது சொட்டிச்சா?"

நான் குனிந்து கோலத்தைப் பார்த்தேன்.

"சொட்டிச்சு. அதுக்கு வேற ஒருத்தர் திட்டு வாங்கினார்" என்றாள் மனைவி, எதிர்வீட்டுக்குக் கேட்கிற குரலில்.

மெக்கானிக் ஓர் அட்டையை வண்டிக்கு அடியில் தள்ளினார். ரேடியேட்டர் பக்கத்துக் குழாய் மூட்டிலிருந்து ஒரு துளி விழுந்தது. வெற்றிலைச் சாற்றின் அதே சிவப்பு. துளிகளை எண்ணினேனே தவிர, ஒன்றைக்கூட நான் தொட்டுப் பார்த்ததில்லை. எதிரே நாற்காலியிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவைக் கடந்து போனேன். "தப்பு என்னுதுதான் சார். மன்னிச்சுக்குங்க."

இந்த முறையும் அவர் வாயில் வெற்றிலை இருந்தது. டப்பாவில் துப்பிவிட்டு உள்ளே போனார். டப்பாவைக் கழுவி எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

"இந்தாங்க. துப்புறது ஒங்க வண்டிதானே? அதுக்கு அடியில வைங்க."

மெக்கானிக் சிரித்துவிட்டார். மனைவியும்தான். நான் டப்பாவை வாங்கிக்கொண்டேன். நாளைக்கு நடக்க வருகிறீர்களா என்று அப்போதே கேட்டிருக்கலாம். டப்பாவை வண்டிக்கு அடியில் வைக்கக் குனிந்துவிட்டேன்.

புதுக் குழாய் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். மறுநாள் விடிந்ததும் குனிந்து பார்த்தேன். டப்பாவின் அடி சிவந்திருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. நிமிர்ந்து எதிர்வீட்டைப் பார்த்தேன். வாசலில் அவருடைய செருப்பைக் காணோம். நாங்கள் வழக்கமாகக் கிளம்பும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே தனியாகப் போயிருந்தார்.