எதிரணியில் பேசும் தங்கை

இன்றைக்கு நான் சந்தித்தது ஒரு நாட்டின் தூதரை. நிஜமாகத்தான் சொல்கிறேன். கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில், மார்போடு ஒரு கட்டுக் காகிதத்தை அணைத்தபடி நின்றாள். சர்வதேச உறவுகள் இளங்கலை, கடைசி ஆண்டு. நின்றாள் என்று சொல்வதே தப்பு. கைப்பேசியைப் பார்ப்பதும் கவிழ்ப்பதுமாகக் கால் மாற்றிக் கால் மாற்றித் தவித்துக்கொண்டிருந்தாள். "உன்னப் பாத்தா எனக்கே படபடங்குதும்மா, உக்காரு" என்று கடைக்காரர் ஸ்டூலை நகர்த்தினார். உட்காரவில்லை. என்ன விஷயம் என்று நான்தான் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். கொட்டித் தீர்த்துவிட்டாள்.

வீட்டில் அவளுக்குப் பெயர் ஐ.நா. அண்ணன் வைத்தது. சின்ன வயதில் யார் சண்டை போட்டாலும் நடுவில் போய் நிற்பாளாம். "வரும், கவலை தெரிவிக்கும், போயிடும்" என்பது அண்ணனின் விளக்கம். இந்தப் படிப்பில் சேர்கிறேன் என்றபோது, முடித்தால் எந்த நாட்டில் வேலை என்று அப்பா கேட்க, முதலில் இந்த நாட்டில் கிடைக்குமா பாருங்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அவள் பக்கம் பேசியது அண்ணன் மட்டும்தான். அந்த அண்ணன் இப்போது ராணுவத்தில், எல்லையில் ஒரு மலைமேட்டில் காவல். அந்த மேடு யாருக்குச் சொந்தம் என்பதில்தான் பக்கத்து நாட்டோடு காலங்காலமாகத் தகராறு.

கடைசி ஆண்டில் மாதிரி மாநாடு ஒன்று உண்டு. சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு நாடு. வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் சொந்த நாட்டை மறந்து அந்த நாட்டுக்காரராகவே பேச வேண்டும். பேராசிரியை இதில் படு கறார். ஐ.நா.வுக்கு வந்தது அதே பக்கத்து நாடு.

விழுந்து விழுந்து படித்திருக்கிறாள். அவர்களுடைய வரைபடம், அறிக்கை, பள்ளிப் பாடம் எதையும் விடவில்லை. முதல் சுற்றில் நம் நாட்டுக்காகப் பேசியவள் திணறிப்போனாளாம்.

வினை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணன் ஞாயிறு தவறாமல் கூப்பிடுவார். அன்றைக்கு அவர் சும்மா பேச்சோடு பேச்சாக, எதிரே ஓடைப் பக்கம் புதுக் கூடாரம் முளைத்திருக்கிறது என்றார். இவள் வாயில் வகுப்பு அப்படியே வந்துவிட்டது.

"முதல்ல முன்னேறி வந்தது உங்க ஆளுங்கதானே? எங்க படை கூடாரம் போடாம பூப்பறிக்குமா?"

அம்மாவின் கைக் கரண்டி அப்படியே நின்றது. பணி இருக்கிறது என்று சொல்லி அண்ணன் வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அழைப்பு இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மலையில் சிக்னல் போயிருக்கும் என்றார் அப்பா. அம்மா கேட்கவில்லை. நாட்டை மாற்றிக்கொள், இல்லையென்றால் மேடையேறாதே என்று சொல்லிவிட்டார். மாற்றித் தரப் பேராசிரியையும் தயார். கையில் இருக்கும் உரையைப் பிரதி எடுத்து மதியத்துக்குள் கொடுத்தால் இதே நாடு. கொடுக்காவிட்டால் வேறு நாடு. மேடையும் வேண்டும், அண்ணனும் வேண்டும். இதுதான் அந்தத் தவிப்பு.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணனின் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரை அழுத்தினாள். கடைக்காரர் மெஷினையே நிறுத்திவிட்டார். பனிப்பொழிவில் லைன் அறுந்து இன்றைக்குத்தான் சரியானதாம். இவள் மன்னிப்பு கேட்க ஆரம்பித்தாள். அண்ணன் விடவில்லை.

"கோவம் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. அத விடு. எதிர்ல ஒருத்தன் தினமும் துணி காயப்போடுறான். சட்டைய உதறி உதறி, நம்ம அம்மா மாதிரியே. அவங்கிட்ட என்ன சொல்லி அங்க நிக்க வச்சிருக்காங்கன்னு இங்க யாருக்கும் தெரியல. நீ படிச்சிருக்கியே, சொல்லு."

சொன்னாள். காகிதத்தைப் பார்க்காமல், கடை வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டே, அந்த நாட்டின் நியாயம் முழுவதையும் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

"ஒரு வார்த்தகூட நான் ஒத்துக்கல" என்றார் அண்ணன். "எல்லாத்துக்கும் பதில் இருக்கு. ஞாயித்துக்கிழம சொல்றேன். அதுக்குள்ள நாட்ட மாத்திடாதே."

காகிதக் கட்டைக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

அம்மாவின் மனம் இன்னும் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிச் சுற்று, கல்லூரி மாடி அரங்கில், யாரும் போகலாம். அவள் உட்காரும் பக்கம் கைதட்ட ஆள் இருக்காது. இதைப் பகிருங்கள், முடிந்தால் நேரிலும் போங்கள். நம் தரப்பில் நல்ல கேள்வி இருந்தால் எழுந்து கேளுங்கள். பதில் சொல்ல அவள் துடித்துக்கொண்டிருக்கிறாள்.